கிணற்றைக் கெடுத்த கடன் கொடையால் தீராது!

467 கிணறுகள். அவற்றில் 350 கெட்டுப் போயின!

இது எங்கோ வடநாட்டில் எடுத்த கணக்கல்ல. திண்டுக்கல் ஒன்றியத்திலும், பழனி சாலையில் இருக்கும் நம் ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்திலும் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கு. குடிக்கவும் பாசனத்திற்கும் பயன்பட்ட கிணறுகள் 467. தோல் ஷாப்புகளின் கழிவு நீர் இறங்கிக் கெட்டவை 350. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்கு மைல் கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது என்ற செய்தியும் அதனுடன் சேர்ந்து வந்தது.

இந்தக் கணக்கு ஒரு துண்டுப் பிரசுரத்தோடு மறைந்து போகவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பில் இடம் பெற்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கு அது. சட்டம் படிக்கும் மாணவர்கள் நாடெங்கும் இன்றும் படிக்கும் தீர்ப்பு. நம் ஊரின் பெயர்கூட அதில் எழுத்துப் பிழையோடுதான் இருக்கிறது. ஆனால் கிணற்றுக் கணக்கு தெளிவாக இருக்கிறது!

"பழைய கதையை இப்போது ஏன் கிளறுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். கதை பழையதாகிவிட்டதா? 2025 ஜனவரி 30 அன்று, அந்தத் தீர்ப்புக்கு 28 ஆண்டுகள் கழித்து, பாலாற்றைத் தோல் தொழிற்சாலைகள் கெடுத்தது பற்றியும், பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்குச் சேர வேண்டிய இழப்பீடு பற்றியும் அதே உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. வழக்குப் போட்டபோது பிறந்த குழந்தைக்கு இன்று குழந்தைகள் இருக்கும். கிணறு மட்டும் பழையபடி ஆகவில்லை. ஆகவே பேசத்தான் வேண்டும். அதிலும் நாம் பேச வேண்டும்.

கிணறு எப்படிக் கெடுகிறது?

தோல் தொழில் நம் சமுதாயத்தாருக்குப் புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, திண்டுக்கல் பேகம்பூர் என்று எங்கு பார்த்தாலும் தோலை நம்பி எழுந்த தெருக்கள் இருக்கின்றன. நம் பாட்டன்மார் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதமிட்டார்கள். அப்போதும் நாற்றம் இருந்தது, உப்பு நீர் இருந்தது. ஆனால் அளவு சிறிது.

1970-களில் மத்திய அரசு கொள்கையை மாற்றியது. பச்சைத் தோலையும் பாதி பதமிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு விதித்து, முடித்த தோலாக, செருப்பாக, பையாக அனுப்புங்கள் என்றது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி பெருகியது. பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. கூடவே குரோம் பதனிடும் முறை பரவியது. ஒரு கிலோ முடித்த தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், குரோம் முறையில் 170 வகை இரசாயனங்கள் புழங்குகின்றன என்றும் அந்த 1996 தீர்ப்பே கூறுகிறது.

உள்ளே போகும் தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும் அல்லவா? பச்சைத் தோல் அழுகாமல் இருக்கத் தடவிய உப்பு, முடி உதிரப் போட்ட சுண்ணாம்பும் சல்பைடும், பதமிடப் போட்ட குரோம், நிறம் ஏற்றிய சாயம் எல்லாம் அதில்தான் வருகின்றன. ஓடையில் விட்டால் ஓடையோடு போகும். காலியிடத்தில் தேக்கினால் மண்ணில் இறங்கும். மண்ணில் இறங்கியது கிணற்றுக்கு வரும்.

இதில் மிகப் பொல்லாதது உப்பு. மற்றக் கழிவுகளில் பெரும்பகுதியைச் சுத்திகரிப்பு நிலையத்தில் பிரித்துவிடலாம். கரைந்த உப்பு வழக்கமான சுத்திகரிப்பில் போகாது. நிலத்தடியில் சேர்ந்துவிட்டால், தென்னை குரும்பை உதிர்க்கும், நெல் கருகும், அந்தத் தண்ணீரில் பருப்புகூட வேகாது. தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்பதும் அத்தீர்ப்பில் உள்ள செய்திதான்.

"ஹஜ்ரத், நாங்கள் சிறியவர்கள்!"

இதைப் பற்றிப் பேசினால் தொழில் செய்யும் சகோதரர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "ஹஜ்ரத், நாங்கள் என்ன டாட்டாவா, பிர்லாவா? இருபது, முப்பது பேரை வைத்து ஷாப்பு நடத்துகிறோம். சமூகப் பொறுப்பெல்லாம் பெரிய கம்பெனிகள் பார்க்க வேண்டியது!"

சட்டமும் அவர்கள் சொல்வதற்கு ஏற்றாற்போல்தான் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆவது பிரிவு. ஆண்டு நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி ரூபாயை எட்டும் கம்பெனிகள், தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. திண்டுக்கல்லின் சிறு ஷாப்பு இந்த வரம்புக்குள் வராது. சரி.

ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். அந்தச் சட்டம் பேசுவது, லாபம் வந்த பிறகு அதிலிருந்து கொடுப்பது பற்றி. நாம் பேசுவது, லாபம் என்று கணக்கெழுதுவதற்கு முன்னால் கொடுக்க வேண்டியது பற்றி! பக்கத்துத் தோட்டக்காரரின் கிணற்றைக் கெடுக்காமல் தொழில் செய்ய ஆகும் செலவு, தோல் வாங்க ஆகும் செலவைப் போல, கூலியைப் போல, மின்சாரக் கட்டணத்தைப் போல, தொழிலின் செலவு. அதை நீங்கள் கொடுக்கவில்லை என்றால் அது மறைந்து போகிறதா? இல்லை! அந்த விவசாயி கொடுக்கிறார். காய்ந்த தென்னையாகக் கொடுக்கிறார். விலைக்கு வாங்கும் குடிநீராகக் கொடுக்கிறார். நிலத்தை விற்றுவிட்டுக் கூலிக்குப் போகும் மகனாகக் கொடுக்கிறார். அவர் கொடுத்த பணம் உங்கள் ஏட்டில் லாபம் என்று ஏறியிருக்கிறது!

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. 83-ஆவது அத்தியாயம், முதஃப்பிஃபீன். தராசுத் தட்டில் விரலை வைப்பவனைப் பற்றி ஜும்ஆ தோறும் பேசுகிறோம். இரவில் மதகைத் திறந்து கழிவை ஓடையில் விடுபவன் செய்வது மட்டும் வேறு என்ன? வாங்குபவனுக்கு நிறுவை சரியாக இருக்கலாம். பக்கத்து வயல்காரனுக்கு அவன் நிறுவையில் குறைத்துவிட்டான்.

சிறியவன் என்ற சாக்கு இன்னொரு வகையிலும் நிற்காது. ஒரு ஷாப்பு மட்டும் தனியாக இருந்தால் அதன் கழிவைப் பூமி ஒருவேளை தாங்கிக் கொள்ளும். ஆனால் சிறு தொழில் தனியாக இருப்பதில்லை. ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கூட்டமாகத்தான் இருக்கும். 350 கிணறுகளை ஒரு பெரிய முதலாளி கெடுக்கவில்லை. "என் ஒருவனால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று நினைத்த பல சிறியவர்கள் சேர்ந்து கெடுத்தார்கள்.

ஆகவே பரிகாரமும் சேர்ந்துதான் வர முடியும். உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. 1996 நவம்பர் 30-க்குள் சொந்தமாகவோ பொதுவாகவோ சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும். தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கும் கெட்டுப் போன மண்ணுக்கும் கெடுத்தவர்களே ஈடு செய்ய வேண்டும் என்றது. பொது நிலையங்களுக்கு மத்திய, மாநில அரசுகளின் மானியமும் கிடைத்தது. திண்டுக்கல்லிலும் பொது நிலையம் வந்தது. சிறியவன் தனியாகச் செய்ய முடியாததைக் கூட்டாகச் செய்யலாம் என்பதற்கு இது சாட்சி.

ஆனால் நிலையம் கட்டினால் மட்டும் போதாது. 2015 ஜனவரி 31 அதிகாலை. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்த தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு பாய்ந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள்! சுத்தம் செய்யக் கட்டிய இடமே கப்ரஸ்தான் ஆனது. காகிதத்தில் இருக்கும் பொறுப்பு வேறு, காவல் காக்கும் பொறுப்பு வேறு என்பதற்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

பளிங்குக் கல்லில் பெயர்!

நம் வணிகப் பெருமக்கள் கஞ்சர்கள் அல்லர். இதை உரக்கச் சொல்ல வேண்டும். தோலில் வந்த பணம் கல்வியாக மாறிய வரலாறு இந்தத் தமிழ்நாட்டில் இருக்கிறது. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரி 1951-இல் எழுந்தது. அதை எழுப்பிய ஜமால் முகம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் பெரும் வணிகர்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலிருந்து நிற்கிறது. மேல்விஷாரத்தில் கல்லூரியின் பெயராக நிற்கும் சி. அப்துல் ஹக்கீம் சாஹிபும் தோல் வணிகர்தான். அங்கெல்லாம் படித்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்ல. எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் படித்தார்கள், படிக்கிறார்கள்.

இன்றும் பள்ளிவாசலுக்கு, மதரசாவுக்கு, ஏழைக் குமர் திருமணத்துக்கு, ரமளான் கஞ்சிக்கு என்று கை நிறையக் கொடுக்கிறார்கள். ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தருகிறார்கள். பளிங்குக் கல்லில் பெயர் பொறிக்கிறோம். நல்லதுதான்.

ஆனால் மார்க்கம் கற்றவர்கள் அனைவரும் ஒப்புக் கொள்ளும் ஒரு வரிசை இருக்கிறது. கடன் முதலில், கொடை பிறகு! ஒருவனிடம் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிவிட்டு, அதைக் கொடுக்காமல், ஊருக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு விருந்து வைத்தால் கடன் தீர்ந்துவிடுமா? இறைவனுக்குச் செலுத்த வேண்டியதில் குறை வைத்தவன் இறைவனிடம் மன்னிப்புக் கேட்கலாம். மனிதனின் உரிமையில் கை வைத்தவன் அந்த மனிதனிடம்தான் தீர்க்க வேண்டும். ஹக்குல் இபாத் என்று பாடம் நடத்துகிறோமே, அது இதுதான். கிணறு கெட்டவர் முஸ்லிமா, இந்துவா, கிறிஸ்தவரா என்று அந்தக் கடன் கேட்காது.

கிணற்றைக் கெடுத்தவர் அதே ஊரில் தண்ணீர்த் தொட்டி கட்டி, திறப்பு விழாவுக்குக் கலெக்டரை அழைத்து, மாலை போட்டுக் கொண்டால் அதற்குப் பெயர் தருமம் அல்ல. கடனில் ஒரு தவணை. மாலை எதற்கு?

ஜெர்மனி சொன்னால் கேட்கிறோம்!

"செலவு தாங்காது" என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. உப்பைப் பிரிக்க சவ்வூடு பரவல் இயந்திரம் வேண்டும். மிச்சத்தைக் காய்ச்சி வற்றச் செய்ய மின்சாரமும் எரிபொருளும் வேண்டும். காய்ச்சியதில் கிடைக்கும் கலப்பு உப்பை எங்கே கொட்டுவது என்பது இன்னொரு தலைவலி. செருப்பு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி விலையைக் கூட்டித் தருவதில்லை. அரசு நிலையம் கட்ட மானியம் தந்தால், நடத்த ஆகும் செலவு தலையில் விழுகிறது. இதையெல்லாம் அரசிடமும் கொள்முதல் செய்பவர்களிடமும் கேட்க வேண்டும். நாமும் சேர்ந்து கேட்போம்.

ஆனால் 1989-இல் நடந்ததை நினைவுபடுத்துகிறோம். தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பி.சி.பி. என்னும் பென்டாகுளோரோஃபீனால் என்ற இரசாயனத்தைப் பயன்படுத்தி வந்தார்கள். ஜெர்மனி அதைத் தடை செய்தது. அந்த மருந்து இருக்கும் தோல் உள்ளே வராது என்றது. என்ன ஆயிற்று? தொழில் படுத்துவிட்டதா? சென்னையில் 1948 முதல் இயங்கி வரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு மாற்று மருந்துக்கு மாறினார்கள். 1994-இல் சில வகைச் சாயங்களுக்கு அதே ஜெர்மனி தடை போட்டபோதும் மாறினார்கள். பெரியவர்களும் மாறினார்கள், சிறியவர்களும் மாறினார்கள்!

ஏழு கடலுக்கு அப்பால் இருக்கும் வாடிக்கையாளரின் தோலில் அரிப்பு வரக் கூடாது என்றால் மாற முடிகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் கிணறு கெடக் கூடாது என்றால் மாற முடியவில்லை! முடியாதது எது, மனமில்லாதது எது? அண்டை வீட்டாரின் உரிமையை இவ்வளவு வலியுறுத்தும் மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

"இது நம்மைக் குறி வைப்பது" என்போருக்கு...

தோல் கழிவைப் பற்றிப் பேசினாலே, "நம் சமுதாயத்தின் தொழிலை நசுக்கச் சதி" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நம்மைக் குறி வைப்பவர்கள் நாட்டில் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் திருப்பூரைப் பாருங்கள். சாயக் கழிவால் நொய்யல் கெட்டது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நாளில் நின்றன. அவை பெரும்பாலும் நம்மவர்களுடையவையா? இல்லையே! நீர் கெட்டால் நீதிமன்றம் வரும். சாதி, மதம் பார்த்து அது வருவதில்லை.

இன்னொன்று. தோல் தொழிலில் எல்லாச் சமுதாயத்தாரும் இருக்கிறார்கள். கெட்ட கிணற்றிலும் எல்லாச் சமுதாயத்தார் வீட்டுக் குடமும் இறங்குகிறது. ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று கையும் காலும் வெந்து போனவர்கள் நம் மஹல்லாவின் ஏழைகளும், தலித் சகோதரர்களும்தான். இதைச் சமுதாயப் பிரச்சினையாக்கி முதலாளிக்குக் கேடயம் பிடிப்பது, சமுதாயத்தின் ஏழைக்குச் செய்யும் துரோகம். நமக்கு எதிராகப் பேசத் துடிப்பவனுக்கு நாமே எடுத்துக் கொடுக்கும் ஆயுதமும் அதுதான்.

என்ன செய்யலாம்?

தொழில் செய்யும் சகோதரர்களே! சில வேலைகளுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஊற வைப்பதற்கு முன் பச்சைத் தோலை நன்றாக உதறி, உப்பை உலர்ந்த நிலையிலேயே எடுத்துவிட்டால் தண்ணீரில் கலக்கும் உப்பில் ஒரு பங்கு அங்கேயே நிற்கும். முதல் ஊறல் தண்ணீரை மற்றக் கழிவோடு கலக்காமல் தனிப் பாத்தியில் விட்டு வெயிலில் வற்ற விடலாம். குரோமைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் முறை இருக்கிறது. அது வாங்கும் செலவையும் குறைக்கும். பொது நிலையத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கைத் தவணை தவறாமல் செலுத்துங்கள். குழாய்க்கு வெளியே ஒருவர் திருட்டுத்தனமாக விட்டால், "அவர் நம் ஆள்" என்று மூடி மறைக்காதீர்கள். அவர் ஒருவருக்காக நாளை உங்கள் அத்தனை பேர் கதவிலும் சீல் விழும்.

இளைஞர்களே! கரைந்த உப்பின் அளவு ஒரு லிட்டருக்கு 500 மில்லி கிராமுக்குள் இருப்பதே குடிநீருக்கு நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது. இதை அளக்கும் பேனா போன்ற கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஊர் ஊராகப் போங்கள். கோடையிலும் மழை முடிந்தும் கிணறுகளை அளந்து எழுதுங்கள். அந்தக் கருவி குரோமைக் காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். ஆனால் எந்தக் கிணற்றுத் தண்ணீரை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்பதை அது காட்டும். எழுதிய கணக்கை மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கொடுங்கள், ஷாப்பு முதலாளிகளுக்கும் கொடுங்கள். கோஷம் போடுவதைவிட இந்தக் கணக்குக்கு வலிமை அதிகம். 467-இல் 350 என்று ஒரு சிலர் எண்ணி வைத்ததால்தான் நம் பகுதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏறியது!

ஜமாஅத் நிர்வாகிகளே! நன்கொடை வாங்கும்போது எவ்வளவு என்று மட்டும் கேட்கிறோம். தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ., பி.எஃப். கட்டுகிறீர்களா, கழிவு எங்கே போகிறது என்றும் கேட்கத் தொடங்குங்கள். கொடுப்பவர் கோபித்துக் கொள்ளலாம். வாங்குகிற பணம் அமானிதம் என்றால் அது வந்த வழியும் நம் கவலைதான். பக்கத்து ஊர் விவசாயிகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது அழைத்து உட்கார வைத்து, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். வழக்கறிஞர் மூலம் 28 ஆண்டுகள் பேசியதைவிட நேருக்கு நேர் ஒரு நாள் பேசுவது பலன் தரக் கூடும்.

வருகிற ஆண்டு ஜமாஅத் கணக்குக் கூட்டத்தில் நன்கொடையாளர் பட்டியலை வாசிக்கும்போது, அதற்கு முன்னால் கிணற்றுக் கணக்கை வாசியுங்கள். எத்தனை கிணறு அளந்தோம், எத்தனை கெட்டிருக்கிறது, எத்தனை தேறியிருக்கிறது, யாருக்கு என்ன ஈடு செய்தோம் என்று வாசியுங்கள். கடன் பட்டியல் முதலில்; கொடைப் பட்டியல் பிறகு. அந்த வரிசையில் வாசிக்கத் துணிவு வந்த அன்று, பளிங்குக் கல்லில் யார் பெயரையும் தாராளமாகப் பொறிக்கலாம்.